முழங்கால் வரை வரையப்பட்ட வெதர்பி துரை

கல்லுப்பாலம் ஹாலிஸ் கல்லூரியின் பெரிய மண்டபத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சுவரில் நின்றுகொண்டிருந்த டாக்டர் ஜோசயா வெதர்பி, ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மாளைப் பார்த்து, "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஒரு ஸ்டூல் இருந்தா எடுத்துப் போடு தாயி" என்றார்.

ராக்கம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "எறங்கணுமாக்கும்?"

"உக்காரணும்போல இருக்கு. படத்துல பின்னாடி நாற்காலி போட்டிருக்கான். ஆனா உக்கார விடல."

"அது சரி. நானும் தெனம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்டூல் எடுத்துவரப் போனாள்.

அது, அமெரிக்காவில் பெரிய கல்லூரிகள் தங்கள் மேதைகளை எப்படி வரைந்து மாட்டுமோ அப்படியே வரைந்த எண்ணெய் ஓவியம். பின்னால் காப்பித்தூள் நிறத்தில் இருட்டு, அந்த இருட்டில் பாதி தெரிகிற சிவப்பு வெல்வெட் நாற்காலி, முன்னால் கறுப்பு அங்கி, அங்கியின் கையில் மூன்று பட்டை, கழுத்திலிருந்து நீலமாக ஒரு தொங்கல், வெளிச்சம் மொத்தமும் நெற்றியில், மார்போடு அணைத்த தடித்த புத்தகம் ஒன்று, அப்புறம் தாடி வைத்த அந்த முகம்: ஏதோ ஒரு பெரிய உண்மையை இப்போதுதான் கண்டுபிடித்து, அதை நம்மிடம் சொல்லலாமா, நமக்குத் தாங்குமா என்று யோசிக்கிற முகம். அசல் வெதர்பி கல்லூரியின் இரண்டாவது முதல்வர். பதினோரு மொழி தெரிந்தவர். கரட்டுமலையில் முளைத்த செடி ஒன்று விடாமல் பறித்து, உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, பெயர் எழுதி வைத்தவர். அந்த மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தவர். அவர் இறந்தபின், அவரையும் பார்த்திராத, கல்லுப்பாலத்தையும் பார்த்திராத பாஸ்டன் ஓவியர் ஒருவர், உள்ளங்கை அளவுப் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் படத்தை வரைந்து, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி அனுப்பினார்.

அந்த வகைப் படங்களை முழங்கால் வரைக்கும்தான் வரைவார்கள். ராக்கம்மாள் கொண்டுவந்த ஸ்டூலில் வெதர்பி துரை இறங்கி உட்கார்ந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் அங்கி காற்றில் முடிந்துபோயிருந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி வரைந்திருந்ததால் வலது காது மட்டும்தான் இருந்தது. இடது கையை ஓவியர் அங்கிக்குள் ஒளித்துவிட்டதால் அங்கிக்குள்ளும் அது இல்லை. முன்பக்கம் நல்ல சதையும் எடையுமாக இருந்த மனிதர், பின்பக்கம் வெறும் துணியாக, முதுகுக்கு நடுவில் பாஸ்டன் கடையின் முத்திரையோடு இருந்தார். ராக்கம்மாள் இதையெல்லாம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் நல்லாப் போட்டிருக்கான்ல, அது போதும்" என்று தேற்றி, மாணவர் நோயறையிலிருந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அவர் பேசிய தமிழ் மண்டபத்தில் கேட்ட தமிழ். வரவேற்புரை, நன்றியுரை, பேச்சுப்போட்டி, பிரிவுபசார விழா எல்லாம் அந்த ஒரு காதில்தான் விழுந்தன. விழா இல்லாத நாட்களில், தலைமுறை தலைமுறையாக மண்டபம் கூட்டிய பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதே காதில்தான் விழுந்தது. அதனால் அவர் வாயைத் திறந்தால் முதல் வாக்கியம் மேடையிலிருந்தும் அடுத்த வாக்கியம் துடைப்பக்கட்டைப் பக்கத்திலிருந்தும் வந்தது.

பத்து மணிக்கு அலுவலகம் திறந்ததும் கண்காணிப்பாளர் சோலைமலை வந்து பார்த்தார். சோலைமலைக்கு விதி தெரியும். விதி தெரிந்தவருக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது. அவர் கவலைப்பட்டதெல்லாம் வெதர்பி துரை ஊழியரா, விருந்தினரா, பொருளா என்பதைப் பற்றித்தான். ஊழியர் என்றால் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விருந்தினர் என்றால் மூன்று நாளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை. மதியம் வரை பழைய பதிவேடுகளைப் புரட்டி, இருப்புப் பதிவேட்டில் "எண்ணெய் ஓவியம் ஒன்று, சட்டத்துடன்" என்ற வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார். அன்றிலிருந்து வெதர்பி துரை கல்லூரிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வாசலைத் தாண்டினால் மட்டும் நாற்காலி மேசையை வெளியே கொண்டுபோகிறபோது எழுதுகிற சீட்டு ஒன்று எழுத வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வாட்ச்மேன் அந்தச் சீட்டை வாங்கி, அவரை மேலும் கீழும் பார்த்து, "சேதாரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

சீட்டுகள் சீக்கிரத்தில் ஒரு புத்தகம் முழுக்கத் தீர்ந்தன. மருந்துக்கடைத் திறப்பு, தையல் பயிற்சி நிலையத் திறப்பு, ரோட்டரி சங்கத்துக் கண் சிகிச்சை முகாம், ஆட்டோ ஓட்டுநர் சங்க ஆண்டுவிழா, எதுவானாலும் தலைமை வெதர்பி துரைதான். அவர் எங்கே போனாலும் ஆளிவிதை எண்ணெயும் பழைய வார்னிஷும் கலந்த வாசனை போயிற்று. கல்லுப்பாலத்துச் சனங்கள் அதுதான் படிப்பின் வாசனை என்று முடிவுசெய்து மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டார்கள். வெயிலில் வைத்தால் மினுங்கிக் கசிவார் என்பதால் பந்தல்காரர்கள் அவருக்கென்று ஒரு தனிக் குடை செய்தார்கள். ஈரத்துணி கூடாது, காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அவர் பேசவே தேவைப்படவில்லை. அந்த முகமே போதும். இருபது வருஷமாக வரப்புக்குச் சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவர் அவருக்கு முன்னால் வந்து அவரவர் நியாயத்தைச் சொன்னார்கள்; அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்; பார்க்கப் பார்க்க அண்ணனுக்குத் தான் செய்தது தப்பு என்று தோன்ற, தம்பிக்குத் தான் செய்தது தப்பு என்று தோன்ற, இரண்டு பேரும் அழுதுகொண்டு வீடு திரும்பினார்கள். "என்ன ஒரு தீர்ப்பு" என்று டீக்கடையில் ஒரு வாரம் பேசினார்கள். என்ன தீர்ப்பு என்று யாரும் கேட்கவில்லை.

தாவரவியல் துறையில் அன்னக்கொடி என்றொரு ஆசிரியை இருந்தார். எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் முடித்துப் பதினான்கு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளராகவே இருந்தவர். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே வருவார், ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வெளியே போவார். வெதர்பி உலர்த்தி ஒட்டிய செடிகளை அலமாரியிலிருந்து எடுத்து, பூச்சி தட்டி, புதுக் காகிதத்துக்கு மாற்றி, திரும்ப அடுக்கிவைத்தவரும் அவர்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. செடி வீணாகிறதே என்று செய்தார்.

அந்தச் செடிகளில் ஒன்றின் கீழே வெதர்பியின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கரையான் அரித்த குறிப்பு. மலைச்சரிவில் ஒரு கொடியைப் பற்றி ஏதோ சந்தேகம் எழுதியிருந்தார். சந்தேகத்தின் முதல் பாதி மட்டும் மிச்சம் இருந்தது. ஆறு வருஷமாக அந்தப் பாதிச் சந்தேகம் அன்னக்கொடியை அரித்துக்கொண்டிருந்தது. விழா எதுவும் இல்லாத ஒரு மதியம், பூவரச மரத்தடியில் சக்கர நாற்காலியில் தனியாக இருந்த வெதர்பி துரையிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டி, "ஐயா, இந்தக் கொடியில இலை எதிரெதிரா வருதா, மாறி மாறி வருதா? நீங்க எழுதினது பாதி போயிருச்சு" என்று கேட்டார்.

வெதர்பி துரை அந்த முகத்தோடு அவரைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிடும். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அன்னக்கொடி போகவில்லை. காகிதத்தைப் பிடித்தபடி நின்றார். மரத்தடி நிழல் ஒரு சாண் நகர்ந்தது. அப்போதும் நின்றார்.

"அம்மா" என்றார் வெதர்பி துரை கடைசியில். "எனக்குத் தெரியாது."

"மறந்துபோச்சுங்களா?"

"தெரிஞ்சிருந்தாத்தான மறக்கிறதுக்கு. இதை எழுதினவரு வேற, நான் வேற. என்னைப் போட்டவனுக்குச் செடி தெரியாது. மூஞ்சி போடத் தெரியும். அறிவாளி மாதிரி போட்டுட்டான், அறிவை எங்கேயும் போடல. பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களே, இந்தப் புத்தகத்தை நீங்களே தொறந்து பாருங்க."

அன்னக்கொடி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தங்க எழுத்துப்போல் ஏதோ மினுங்கியது. கிட்டே வைத்துப் பார்த்தால் எழுத்து இல்லை, மஞ்சள் புள்ளிகள். திறக்கப் பார்த்தார். மரக்கட்டை மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் அந்த மனிதர் தலைகுனிந்திருப்பதைக் கவனித்தார்.

"இத்தனை நாள் யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாரும் கேக்கலம்மா. எல்லாரும் அவங்களே பதிலையும் எடுத்துக்கிட்டுப் போயிர்றாங்க. நீங்கதான் நின்னீங்க."

அன்னக்கொடி கீழே கிடந்த பூவரசம்பூ ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். வாங்க அவருக்கு வேறு கை இல்லை. இருந்த ஒரு கையில் மறுபடி புத்தகம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். அதன்பிறகு அதைத் தூக்கவில்லை. சரிவான இடங்களில் சக்கரம் உருளாமல் இருக்க அடியில் கொடுக்க அது தோதாக இருக்கிறது என்று ராக்கம்மாள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பாடம் நடந்தது. முதல் வாரம் முழுக்கப் பூவரசம்பூதான். இதழ் எத்தனை, இதழுக்கு அடியில் அந்தக் கருஞ்சிவப்பு எதற்கு, தூள் எங்கே இருக்கிறது, சூல் எங்கே இருக்கிறது. வெதர்பி துரை வெட்கமில்லாமல் கேட்டார். காலையில் மஞ்சளாக இருக்கிற பூ சாயங்காலம் செம்பு நிறமாக மாறுகிறதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் வேறு எதையும் பேசவில்லை.

"யாரு வந்து பூசுறா?" என்றார்.

"யாரும் பூசல. உள்ளுக்குள்ளயே மாறுது."

"உள்ளுக்குள்ளயேவா." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஏன் மாறணும்? ஒரே நாளைக்குள்ள என்ன அவசரம்?"

அன்னக்கொடி யோசித்தார். "சாறு எப்படி மாறுதுன்னு சொல்லலாம். ஏன் அவ்வளவு அவசரம்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. தேடிப் பார்த்துச் சொல்றேன்."

இப்படி இருக்கையில் தாவரவியலில் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாயிற்று. அன்னக்கொடிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த வருஷத்தோடு அவருக்கு வயது வரம்பு முடிந்துவிடும். தாளாளர் ஞானாதிக்கம் அந்த இடத்தைத் தன் மைத்துனர் மகனுக்கு என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். தீர்மானித்ததை நேர்காணல் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதால் நேர்காணல் வைத்தார். நேர்காணலுக்குத் துறை அறிஞர் ஒருவர் உட்கார வேண்டும் என்று விதி இருந்ததால், பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கக்கூடிய அறிஞர் ஒருவரை யோசித்து, வெதர்பி துரையை நியமித்தார். பொருளை அறிஞராக நியமிக்கலாமா என்று சோலைமலை கேட்டார். "நம்ம குழுவுல மத்தவங்கள்லாம் எப்படி உக்காந்திருக்காங்கன்னு பார்த்திருக்கீங்கல்ல" என்றார் தாளாளர். சோலைமலை நியமனத் தாளை எடுத்து நீட்டினார்.

விஷயம் தெரிந்ததும் அன்னக்கொடி மரத்தடிக்குப் போனார். "நாளைக்கு எனக்காக நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாடம் சொல்லிக்குடுத்ததுக்குக் கைமாறு மாதிரி ஆயிரும்."

"ஆகட்டும்மா" என்றார் வெதர்பி துரை.

நேர்காணல் முதல்வர் அறையில் நடந்தது. மைத்துனர் மகனிடம் அவர் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, அது தேவலை என்று அவர் சொன்ன பதிலைச் சரி என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்து அன்னக்கொடி உள்ளே வந்தார். தாளாளர் அவருடைய தாள்களைப் புரட்டினார்.

"பதினாலு வருஷமா தற்காலிகமாவே இருக்கீங்களேம்மா. என்ன காரணம்?"

"அதை நீங்கதாங்கய்யா சொல்லணும்."

வெளியூர் கல்லூரியிலிருந்து உறுப்பினராக வந்திருந்த வயதான அம்மாள் இருமினார். தாளாளர் சட்டென்று சக்கர நாற்காலிப் பக்கம் திரும்பி, "அறிஞர் ஏதாவது கேட்கணுமா?" என்றார். கேட்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் கேட்டார். ஆனால் மணி ஒன்று ஆகிவிட்டது. அது பாட நேரம். வெதர்பி துரைக்கு இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்த ஒன்று நெஞ்சை முட்டியது. அன்னக்கொடிக்காகப் பேசக் கூடாது என்றுதானே சொன்னார், தனக்காகக் கேட்கலாமே என்று நினைத்தார்.

"அம்மா, அந்தப் பூவரசம்பூவுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?"

அன்னக்கொடி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த அறையில் அதைத் தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. "நாலு புத்தகம் பார்த்துட்டேங்கய்யா. ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. எனக்கு எதுவும் திருப்தியா இல்ல. இன்னும் தெரியல."

"தெரியலைங்கிறாங்க" என்றார் தாளாளர். "சோலைமலை, எழுதிக்குங்க."

சோலைமலை எழுதிக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது" என்றார் வெதர்பி துரை. குரல் மேடைக்குரலாக உயரவில்லை. ராக்கம்மாளிடம் பேசுகிற குரலாகவே இருந்தது. "அதையும் எழுதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மொழிகூட முழுசாத் தெரியாது. என் புத்தகம் தொறக்காது. ஊர்ல நான் தலைமை தாங்கின எந்த விழாவுலயும் என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சதில்ல. பூவுக்கு இதழ் அஞ்சுன்னு எனக்கு எண்ணிக் காட்டினது இந்த அம்மாதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவும் இவங்க சொல்லிக்குடுத்தது. நான் இவங்க மாணவன்."

எல்லாம் போயிற்று, அவருடைய மானமும் போயிற்று, என் வேலையும் போயிற்று என்று அன்னக்கொடி நினைத்தார். அப்போது அந்த வெளியூர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட படிப்பு இருந்தா இவ்வளவு பணிவு வரும்" என்றார். மற்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தாளாளரும் தட்டினார். வெதர்பி துரை, "இல்லீங்க, நெசமாவே தெரியாதுங்க" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கைதட்டாமல் எழுதிக்கொண்டிருந்தவர் சோலைமலை ஒருவர்தான். வெதர்பி துரை சொன்னதைச் சொன்னபடியே எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, பேனா மூடியைப் போட மறந்து அப்படியே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் மூன்று பதிவேடுகளோடு தாளாளர் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு சிக்கல். அறிஞர் வெதர்பி இந்த அம்மாவோட மாணவர்னு குழு முன்னாடி சொன்னது பதிவாயிருச்சு. குழுவும் கைதட்டி ஏத்துக்கிட்டது. ஒரே நிறுவனத்துல ஆசிரியரும் மாணவரும் வேலை பார்த்தா ஆசிரியர்தான் மூத்தவர்னு நம்ம பணிவிதியில இருக்கு. வெதர்பி நம்ம மூப்புப் பட்டியல்ல இரண்டாவது ஆளு. ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தேழுல சேர்ந்திருக்காரு. அப்ப இந்த அம்மா அதுக்கு முன்னாடியே சேர்ந்திருக்கணும்."

"அப்படின்னா?"

"அவங்க ஏற்கெனவே நிரந்தரம். அவங்களுக்குப் புதுசா வேலை குடுக்க வேண்டியதில்ல. காலியிடம் காலியாவே இருக்கு."

தாளாளர் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் கேட்டார். மைத்துனர் மகனுக்கும் இடம் இருக்கிறது, அந்த அம்மாளும் இனி முறைத்துக்கொண்டு நிற்க மாட்டாள், எல்லாம் சுபம் என்று சோலைமலை நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மூப்புப் பட்டியலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அன்னக்கொடியின் பெயர் ஏறியது. மூன்று மாதம் கழித்து முதல்வர் ஓய்வு பெற்றபோது, உயிரோடு இருக்கிறவர்களில் மூத்தவர் யாரோ அவர்தான் அடுத்த முதல்வர் என்ற விதியை சோலைமலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். தாளாளர் அதை மூன்று தடவை படித்தார். எங்கே படித்தாலும் அன்னக்கொடி என்றே வந்தது.

ஊர் இதைத் தனக்குத் தெரிந்த முறையில் சரிப்படுத்திக்கொண்டது. தாடிக்கார துரைக்கே டீச்சராக இருந்தவர் என்றால் அம்மாளுக்கு எத்தனை வயசு இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். முடிகூட நரைக்கவில்லையே, என்ன எண்ணெய் தேய்க்கிறார் என்று கேட்கச் சிலர் வீட்டுக்கே போனார்கள்.

அன்னக்கொடிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், அறையைத் துடைக்க வந்த ராக்கம்மாளிடம் சொன்னார்: "வேலை கெடச்சது சந்தோஷம்தான் ராக்கு. ஆனா நான் படிச்சதுக்குக் கெடைக்கலையே. ஒரு கணக்குப் பிசகுல கெடச்சிருக்கு."

ராக்கம்மாள் மேசையைத் துடைத்தபடியே, "இத்தன வருசம் கெடைக்காம இருந்தது மட்டும் நீங்க படிக்காததுனாலயா டீச்சர்? அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்க, தூசி" என்றாள்.

அன்னக்கொடி கையைத் தூக்கினார்.

ஜூனில் சேர்க்கை தொடங்கியபோது வரிசையில் நூற்றுநாற்பதாவது ஆளாக வெதர்பி துரை விண்ணப்பத்தோடு வந்தார். பி.எஸ்சி. தாவரவியல், முதலாண்டு. பிறந்த தேதி என்ற இடத்தில் வார்னிஷ் காய்ந்த தேதியை எழுதியிருந்தார். இனம் என்ற கட்டத்தில் தைல வண்ணம் என்று எழுதியிருந்தார். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று சோலைமலை கேட்டதற்கு, மண்டபத்தில் காலியாகத் தொங்கிய சட்டத்தை ராக்கம்மாளை விட்டுக் கழற்றி எடுத்துவந்து கொடுத்தார். சோலைமலை அதைக் கோப்பில் சேர்க்க ஒரு பெரிய பீரோ வாங்கவேண்டி வந்தது. இருப்புப் பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

விழாக்களுக்குத் தலைமை தாங்க நேரம் இல்லாமல் போயிற்று. வரப்புச் சண்டைக்காரர்கள் வந்தால், "எனக்கு நாளைக்குத் தேர்வு, நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு காது என்பதால் முதல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு கையால் எழுதினார். கூடப் படித்த பிள்ளைகள் முதலில் எழுந்து நின்று வணங்கினார்கள், பிறகு உட்கார்ந்து வணங்கினார்கள், தீபாவளிக்குள் அவர் முதுகுத் துணியில் பால்பாயிண்ட் பேனாவால் சூத்திரங்கள் எழுதிவைத்துக்கொண்டு பின் பெஞ்சிலிருந்து பார்த்து எழுதினார்கள். அவர் அதைக் கண்டுபிடித்தபோது தேர்வு முடிந்திருந்தது.

முடிவுகள் வந்தன. நான்கு தாள் தேறியிருந்தார். செடிகளின் உள்ளமைப்பு என்ற தாளில், நாற்பது வாங்க வேண்டிய இடத்தில் முப்பத்துநான்கு வாங்கியிருந்தார். திருத்தியவர் அன்னக்கொடி.

தாளாளர் ஓடிவந்தார். "அம்மா, இவரு படத்தைப் போட்டுத்தான் நம்ம காலண்டரே அடிக்கிறோம். இவரு ஃபெயில்னா வெளியில எப்படிம்மா சொல்றது? ஆறு மார்க்குதான."

"ஆறு மார்க்குக்கு அவர் எழுதலையேங்கய்யா."

"நீங்க முதல்வரானதே அவராலதான்."

அன்னக்கொடி விடைத்தாளை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தார். "பாருங்க. மூணாவது கேள்விக்குத் தண்டை வரையச் சொன்னா வேரை வரைஞ்சிருக்காரு. நல்லா வரைஞ்சிருக்காரு. ஆனா வேரு."

தாளாளர் வேறு வழியில்லாமல் வெதர்பி துரையையே கூட்டிவரச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தால் அம்மாள் இளகிவிடுவார் என்று நினைத்திருக்கலாம். ராக்கம்மாள் தள்ளிக்கொண்டு வந்தாள். அன்னக்கொடி மதிப்பெண் பட்டியலை அவர் மடியில் வைத்தார். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்த முப்பத்துநாலு யாரு குடுத்ததும்மா?"

"யாரும் குடுக்கல. நீங்க வாங்கினது."

"மூஞ்சியைப் பார்த்துப் போட்டது இல்லியே?"

"பேப்பர்ல நம்பர்தான் இருக்கும். யாரு மூஞ்சியும் தெரியாது."

வெதர்பி துரை சிரித்தார். அந்த முகம் சிரிப்பதற்காகப் போட்ட முகம் இல்லை. வலது வாயோரத்திலிருந்து கன்னம் வரைக்கும் வண்ணம் சன்னமாக வெடித்து ஒரு கோடு விழுந்தது. தாளாளர் பதறிப்போய், மதுரையில் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், இன்றைக்கே அனுப்பலாம் என்றார். வேண்டாம் என்று வெதர்பி துரை கையை ஆட்டினார். அன்று சாயங்காலம் மதிப்பெண் பட்டியலை அங்கியில் குத்திக்கொண்டு கடைவீதி முழுக்கப் போய், மருந்துக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் நிறுத்தி, "எனக்கு ஒரு அரியர் இருக்கு" என்று சொன்னார். அவர்கள் அது ஏதோ வெளிநாட்டுப் பட்டம் என்று நினைத்து வாழ்த்தினார்கள். பிள்ளைகள் மட்டும் விஷயம் தெரிந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் குடிக்க மாட்டார் என்பதால் அதையும் அவர்களே குடித்தார்கள்.

அடுத்த ஜூனில் புதிய முதலாண்டு வகுப்பு. முதல்வரான பிறகும் உள்ளமைப்புப் பாடத்தை அன்னக்கொடி விட்டுக்கொடுக்கவில்லை. அரியர் வைத்தவர்கள் வகுப்புக்கு வர வேண்டியதில்லை, தேர்வு எழுதினால் போதும். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒன்று முதல் வாசித்தார், புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னார்கள், அறுபத்திரண்டு பெயர் முடிந்தது, பேனாவை மூடினார்.

"உள்ளேன் அம்மா" என்று முதல் பெஞ்சின் இடது ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் அவர் பெயரை வாசிக்கவில்லை.

அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்து, அறுபத்திரண்டுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அந்தப் பெயரையும் எழுதி, எதிரே ஒரு சின்னக் குறி போட்டுவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பித் தண்டை வரையத் தொடங்கினார்.